சிவப்புத் துண்டுக்காரன்

"எத்தன பேர் சேந்து அடிச்சுப் போட்டாலும் அவன் எந்திரிச்சு வந்துருவான். வியாழக்கெழம பாரு" என்றாள் வேலாயி.

தேயிலைச் செடிகளுக்கு அந்தப் பக்கம் நின்ற இராசையா கங்காணி காதைத் தீட்டிக்கொண்டார். அவர் எட்டிப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. வேலாயியும் நிரஞ்சலாவும் ஒன்றும் தெரியாத பாப்பாக்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு கொழுந்து கிள்ளினார்கள்.

இது முதல் தடவை இல்லை. ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஒரு மாதமாகவே பெண்கள் வாயில் 'அவன்'தான். பெயரை யாரும் சொல்வதில்லை, சிவப்புத் துண்டுக்காரன் என்கிறார்கள். கொழுந்து எடுக்கும் இடத்தில் சிவப்புத் துண்டு என்று குசுகுசுத்தால் எந்தக் கங்காணி சும்மா இருப்பார்? கட்சிக்காரனோ சங்கத்துக்காரனோ, எவனோ ஒரு வெளியாள் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்தில் போன வருடம் இப்படித்தான் ஒருவன் வந்தான். பின்னாலேயே வேலைநிறுத்தமும் வந்தது. முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று அந்தத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அங்கிருந்த கங்காணியை இறக்கிவிட்டார். அந்த மனிதர் இப்போது கவ்வாத்துக் கத்தி பிடித்துச் செடி வெட்டுகிறார். இராசையாவுக்குக் கங்காணிப் பட்டத்தை விட்டால் வேறு சொத்து கிடையாது. அதுவும் போனால் லயத்து நாய்கூட மதிக்காது என்று பயந்தார்.

அவர் மனைவி யோகம்மாவும் அதே மலையில் கொழுந்து எடுப்பவள்தான். சாயங்காலம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவளிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார்.

"யாரு புள்ள அந்தச் சிவப்புத் துண்டுக்காரன்?"

"நான் என்னத்தக் கண்டேன்? இருவது வருசமா இதே வேலையா இருக்கானாம். அவன விடப் பலசாலி எத்தனயோ பேரு வந்து போயிட்டாங்க. ஆனா சனங்க அவனத்தான் கேக்குறாங்க."

"அப்படி என்னத்தச் செஞ்சு கிழிச்சுட்டான்?"

"கூட இருக்கிறவங்களுக்கு ஒன்னுன்னா விட்டுட்டு ஓட மாட்டானாம். அது போக, அவன் வர்றான்னு காதுல விழுந்தாலே எதிராளி பாதி எறங்கி வந்துருவானாம்." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "நம்ம கீழ் லயத்துச் செவுரு வெடிச்சுக் கெடக்கே, வந்தா மொதல்ல அதத்தான் பேசுவான்னு சொல்லிக்கிறாங்க."

கீழ் லயம் என்றதும் இராசையா எழுந்து வாசல் பக்கம் போனார். அந்தச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மழை பிடித்தால் பின்னால் இருக்கும் மண்மேடு எப்போது சரியும் என்று அங்கே யாரும் கண் மூடுவதில்லை. மேலே உத்தியோகத்தர் வீடுகள் காலியாகப் பூட்டிக் கிடக்கின்றன, துரையிடம் சொல்லித் திறந்து விடுங்கள் என்று பெண்கள் மூன்று மழைக்காலமாக அவரைக் கேட்கிறார்கள். அவரும் சொல்றேன் சொல்றேன் என்பார். துரை முகத்தைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தச் சேதிக்கு மட்டும் நாக்கு ஒட்டவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போனதும் ஓடிப்போய், கண் காது மூக்கு எல்லாம் வைத்துத் துரையிடம் சொன்னார். இருபது வருடப் பழுத்த ஆள், எத்தனை அடிக்கும் மசியமாட்டான், வியாழக்கிழமை வருகிறான், முதல் பேச்சு கீழ் லயம்தான் என்றார். துரை கதவைச் சாத்திக்கொண்டு கொழும்புக்கு ஃபோன் போட்டார். வெளியே வந்தவர் கையில் சாவிக்கொத்து இருந்தது. அவன் வந்து கேட்டுக் கொடுத்தால் பெயர் அவனுக்குப் போய்விடும், அதற்கு முன்னால் நாமே திறந்து விடுவோம் என்றார்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் கீழ் லயத்துக் குடும்பங்கள் சட்டி பானையோடு மேலே ஏறிவிட்டன. துரை முதுகில் தட்டிக்கொடுத்தும் இராசையாவுக்கு மனசு ஆறவில்லை. ஆளை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பொழுது சாயும் நேரம் அந்த மேல் வீடுகளுக்குப் போனார். முதல் வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஓர் ஆண் குரல் முழங்கியது: "நான் இன்னும் தோற்கவில்லை!"

கதவைத் தள்ளினார். உள்ளே நடுவீட்டில் டிவி. அதில் குத்திட்ட தலைமுடியோடு ஒரு கார்ட்டூன் பையன், கழுத்தில் சிவப்புத் துண்டு பறக்க, அடிபட்டு விழுந்த இடத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"இவனா?"

"இவன்தான் கங்காணி" என்றாள் வேலாயி. "ஜப்பான்காரப் பொம்மப் படம், வியாழக்கெழமயானா தமிழ்ல போடுவாங்க. செத்த தள்ளி நில்லுங்க, மறைக்குது."

இராசையா கதவோரமாக ஒதுங்கினார். பொம்மையைக் காட்டித் துரையைப் பயமுறுத்தியது வெளியே தெரிந்தால் கங்காணிப் பட்டம் காற்றில் போகும். பெரகல கடைத்தெருவிலிருந்து கொஸ்லந்த வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த யோகம்மாவைச் சாடை காட்டி வாசலுக்கு வரவழைத்தார்.

"நம்ம மானம் போகப் போவுது புள்ள. தொரைக்குத் தெரியாமப் பாத்துக்கணும். இவளுங்க யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு நீதான் எப்படியாச்சும் சொல்லி வைக்கணும்."

"யாரும் மூச்சு விட மாட்டாங்க, பயப்படாதீங்க" என்று யோகம்மா அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தாள். "மூணு மழையா நாங்க கேட்டதுக்கு நீங்க தொரைகிட்ட வாயத் தொறக்கல. அதான், நீங்க பக்கத்துல வர்றப்ப மட்டும் அவனப் பத்திக் குசுகுசுன்னு பேசுங்கடின்னு அவளுங்களுக்கு நான்தான் சொல்லி வச்சேன்."