ஓட்டிப் பார்க்கணும்

மேஸ்திரிக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. செங்கல்லும் ஜல்லியும் சுமந்து சளைக்காத அந்தப் பெரிய பிக்கப், புதிதாக நீலம் பூசிக்கொண்டு நின்றது. அதை விற்பவன் அதைவிட ஆஜானுபாகுவாக நின்றான்.

"என்னண்ணே, வண்டியப் பார்த்தே நடுங்குறீங்க? கடிக்காது, ஏறுங்க!"

"கனமான வண்டி, தம்பி. ஓட்டிப் பார்க்காம வாங்கப் பயமா இருக்கு."

"தாராளமா ஓட்டுங்க. ஆனா நானும் வருவேன். காலம் கெட்டுக் கெடக்கு, யாரையும் நம்ப முடியலை."

விற்பவன் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தினான். மேஸ்திரி தம்மையறியாமல் ஆக்சிலரேட்டரை இருமுறை மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே உறுமியது.

"அட! நான் எடுத்தா முக்கி முனகும். உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே?"

மேஸ்திரி அவசரமாகக் கியரைப் போட்டார். "கை... கைராசி, தம்பி."

விற்பவனின் சிரிப்பு நின்றது. அவரையே உற்றுப் பார்த்தான். "எங்க போறோம்?"

"ஒரு மேடு ஏத்திப் பார்த்துட்டுத் திரும்பிடலாம்."

அவர் திரும்பவில்லை. காவல் நிலைய வாசலில் பிரேக்கை அழுத்தி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தார். தம் பக்கக் கதவில் முதுகை முட்டுக்கொடுத்துக் கூவினார். விற்பவன் தன் பக்கக் கைப்பிடியை இழுத்தான், கதவை உதைத்தான். அது அசையவில்லை.

காவலர்கள் வந்து சூழ்ந்ததும் மேஸ்திரி உள்ளே இருந்தவனைப் பார்த்துக் கத்தினார்.

"என் வண்டியத் திருடி நிறத்த மாத்தினே, நம்பர மாத்தினே. அந்தக் கதவு உள்ளேருந்து திறக்காது, சரிபண்ணுங்கன்னு என் சம்சாரம் தினம் திட்டுவா. நல்லவேளை, நானும் சரிபண்ணலை, நீயும் சரிபண்ணலை!"