பதினோரு மணிக் கமிட்டி

"கமிட்டியா? இந்த வாரத்துல நீங்க மூணாவது கமிட்டி அண்ணாச்சி" என்றார் கம்பவுண்டர் செல்லப்பா. கையிலிருந்த ஒட்டடைக் கம்பைக்கூட அவர் கீழே வைக்கவில்லை.

வாசலில், சிவப்பு முக்கோணம் போட்ட குடும்பக் கட்டுப்பாட்டுத் தட்டிக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியில் நாலு பேர் நின்றார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்ததில் வேட்டிக்கரையெல்லாம் கரிசல் புழுதி.

ஆடி பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இதே பாடுதான். தபசுத் திருவிழாவுக்குப் பந்தல் கமிட்டி, மேளக் கமிட்டி, அன்னதானக் கமிட்டி என்று ஊரில் பாதிப்பேர் நன்கொடைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆறு மைல் தள்ளிப் பருத்திக்காட்டுக்குள் கிடக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தைக்கூட விடமாட்டார்கள்.

"குடுக்கதுக்கு இங்கன என்ன இருக்கு, சொல்லுங்க. ஆறு கட்டில்ல நாலு செங்கல்லுலதான் நிக்கி. டாக்டர் டவுன்ல சொந்தமா கிளினிக் நடத்துதாரு. வெள்ளிக்கிழமை வந்து ஏழு நாள் கையெழுத்தையும் ஒண்ணாப் போட்டுட்டுப் போயிருவாரு."

அவர்களில் மூத்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்துவிட்டு, "பாம்புக்கடி மருந்தாவது இருக்குமே?" என்று மட்டும் கேட்டார்.

புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கிப் பூசுகிற கோயில்காரர்கள் பாம்பைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள் என்று செல்லப்பா நினைத்துக்கொண்டார். விறுவிறுவென்று உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். ஒரு சட்டி மோரும், நாலு எலுமிச்சம்பழமும், நர்ஸ் ஞானபூரணத்தின் மல்லிகைப்பூப் பொட்டலமும் இருந்தன.

"இதுதான் எங்க மருந்து. வெயில்ல வந்திருக்கீய, ஆளுக்கொரு தம்ளர் மோர் குடிங்க" என்றவர் ஃப்ரிட்ஜை மூடினார். "எட்டு மாசமா ஒரு ஊசி கெடயாது. போன மாசம் பேச்சின்னு ஒரு பிள்ள, பருத்தி எடுக்கப் போன இடத்துல கடிபட்டு வந்துச்சு. நாந்தான் தூக்கிக்கிட்டு பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறுனேன். மானூர் தாண்டல, எம் மடியிலேயே போயிட்டா. கைப்பிள்ளக்காரி."

மூத்தவர் மோரைத் தொடவில்லை. டைரியை எடுத்து, "பேரு என்ன சொன்னீங்க, பேச்சியா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். கட்டில்களையும் எண்ணி எழுதினார். நாலு பேரும் கும்பிட்டுவிட்டு வந்த வழியே நடந்தார்கள்.

"அண்ணாச்சி, அவங்க ரசீது புஸ்தகமே எடுக்கலியே" என்றாள் ஞானபூரணம்.

"நான் அழுத அழுகையில எங்கன எடுக்க? ஆள விட்டாப் போதும்னு ஓடிட்டாங்க. மாலை, வடையெல்லாம் எடுத்து வைங்க சிஸ்டர், மணி பத்தாச்சு."

பதினோரு மணிக்கு வரவேண்டியது சட்டசபைக் கமிட்டி. எல்லாச் சுகாதார நிலையத்திலும் பாம்புக்கடி மருந்து உண்டு என்று மந்திரி சட்டசபையிலே உறுதி சொல்லியிருந்தார். அது நிஜம்தானா என்று பார்க்க எம்.எல்.ஏ.க்களே நேரில் வருகிறார்கள். டாக்டர் நல்ல பிள்ளையாக லீவு போட்டுவிட்டு, "எல்லாம் இருக்குன்னு சொல்லும். உளறுனீரு, தண்ணியில்லாக் காட்டுக்குத்தான் மாத்தல்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பேச்சியப் பத்தி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அண்ணாச்சி?"

"சொல்லணும்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. என்னைய மாத்திட்டாம்னா, படுத்த படுக்கையாக் கெடக்க எம் வீட்டுக்காரிய யாரு பாப்பா?" செல்லப்பா திரும்பிப் பார்க்காமலே, காலி மருந்துப் பெட்டிகளை ஃப்ரிட்ஜுக்குள் அடுக்க ஆரம்பித்தார்.

சரியாகப் பதினொன்றுக்கு இரண்டு அம்பாசடர் கார்கள் வந்து நின்றன. பட்டு ஜிப்பாவும் மோதிரங்களுமாக ஆறு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த தடித்த மனிதர் வாயைத் திறக்கும் முன்பே செல்லப்பா மாலையைப் போட்டுவிட்டார்.

"வாங்க ஐயா, ஒக்காருங்க. டாக்டர் தெனமும் எட்டு மணிக்கு டாண்ணு வந்துருவாரு. இன்னிக்கு மட்டும் கேம்ப் போயிருக்காரு. ஃப்ரிட்ஜப் பாருங்க, மருந்து வைக்க எடமில்ல."

தடித்தவர் இரண்டு முறை பேசப் பார்த்தார். இரண்டு முறையும் இலையில் ஒரு வடை விழுந்தது. கூட வந்தவர்களும் மறுப்புச் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

"பாம்பு கடிச்சு இங்கன வந்த ஒருத்தர்கூடச் செத்தது கெடயாது ஐயா" என்று சொன்னபோது மட்டும் செல்லப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஞானபூரணம் காபித் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவருக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே நின்றார்.

தடித்தவர் காபியைக் குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்தார். போகிற இடமெல்லாம் இப்படி மாலை போட்டு வரவேற்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பாராட்டினார். பிறகு மடியில் இருந்த தோல்பையைத் திறந்து, நீளமான ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"தபசு நன்கொடை ரசீது யாரு பேர்ல போடட்டும்?"