தப்புக்கு நம்பர்

“எம் புள்ள பேர ஊரெல்லாம் நாறடிச்சிட்டு, நீ நோகாம பஸ் ஏறப் போறியா? அந்தப் பேப்பர்ல கீற அவன் பேர அடிச்சிட்டு அப்பறம் போ.”

மங்கம்மா மீன் கூடையை அன்புக்கரசி வீட்டு வாசற்படியில் இறக்கி வழியை அடைத்திருந்தாள். கூடையைத் தாண்டாமல் அந்தப் பெண் வெளியே வர முடியாது. தாண்டினால் அதற்குத் தனியாக ஒரு சண்டை.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு இதெல்லாம் புதிதில்லை. எதிரே என் ஜெராக்ஸ் கடை. வாசலில் நின்றால் எல்லாம் தெரியும். நிற்காவிட்டாலும் கேட்கும்.

மங்கம்மாவின் மகன் வெற்றிக்குத் தரமணிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. 2017-ல் அவன் லினக்ஸில் ஏதோ திருத்தி அனுப்ப, வெளிநாட்டில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள், தெருக்குழாய் மாதிரி. யாருக்கும் சொந்தமில்லை, தெரிந்தவர்கள் யாரும் பழுது பார்க்கலாம். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெற்றி அதன் நிரலில் பதினோரு வரிகளை நீக்கினான். மங்கம்மா அதை ‘ஒலகத்துல கீற கம்ப்யூட்டரே எம் புள்ளயாலதான் ஓடுது’ என்று பெருக்கி, இரண்டு வருடமாக மீனோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்துவந்தாள்.

அன்புக்கரசிக்கு எர்ணாவூரில் லாரி எடைமேடையில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே புது லினக்ஸ் போட்ட நாளிலிருந்து, டிரெய்லர் மேடை ஏறினால் திரையில் எடை உறைந்துபோய் நின்றது. பின்னால் வண்டிகள் மெயின் ரோடு வரை நின்றன.

நீதான் எதையோ அமுக்கிக் கெடுத்தாய் என்றார் முதலாளி. தப்பு உன்னுடையது இல்லையென்றால் சனிக்கிழமை மதியத்துக்குள் எழுத்தில் கொண்டு வா, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்று சனிக்கிழமை. மணி பதினொன்று.

மூன்று வாரம் என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் கண்டுபிடித்துவிட்டாள். நீக்கப்பட்ட பதினோரு வரிகளில் ஒன்று நீக்கியிருக்கக் கூடாத வரி. அதைத் திரும்பச் சேர்த்து, திருத்தத்தை அனுப்பினாள்.

கூடவே எழுதிய குறிப்பில் எங்கள் தெரு மரியாதை. ‘முன்பு செய்யப்பட்ட ஏதோ ஒரு மாற்றத்தால் இந்தக் கோளாறு வந்திருக்கலாம்’ என்று ஜாடையாக எழுதியிருந்தாள்.

வெளிநாட்டிலிருந்து பதில் காட்டமாக வந்தது. எந்த மாற்றம்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் இலக்கமும் எழுத்தும் கலந்த ஓர் எண் உண்டு, ஒரு வரித் தலைப்பு உண்டு. எண்ணில் முதல் பன்னிரண்டு எழுத்தையும் தலைப்பையும் எழுது. எழுதாவிட்டால் சேர்க்க மாட்டோம்.

எழுதினாள். அன்று காலை ‘சேர்த்துக்கொண்டோம்’ என்று வந்துவிட்டது. அதைத்தான் என் கடையில் பிரிண்ட் எடுத்து, நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தாள்.

“எங்க போட்டுகீற எம் புள்ள பேரு? காட்டுடி.”

அன்புக்கரசி தாளைப் பிரித்தாள். அவசரப்படவில்லை. ரேஷன் கடையில் கார்டு நம்பர் படிப்பதுபோல் படித்தாள்.

“ஏழு, சி, மூணு, சைபர், எஃப், ரெண்டு, பி, ஒம்போது, ஏ, நாலு, டி, ஒண்ணு. ‘தேவையில்லாத வரிகள் நீக்கம்’. தப்ப இப்டித்தான் எழுதணும் அத்தே. இதுல ஒங்க புள்ள எங்க கீறாரு?”

அத்தை என்று கூப்பிட்டதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மங்கம்மா தாளை எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு எழுத்தோடு யாரால் சண்டை போட முடியும்?

“அப்ப அவன் பேரு இதுல கீதுன்னு சொன்னது?”

“கீதும்மா. கடைசி வரில பாரு.”

வெற்றி. கம்பெனிக்கு லீவு, கையில் பால் பாக்கெட்டோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“தப்பான மாத்தத்த யாரு செஞ்சாங்களோ அவங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பணும், அதான் வழக்கம். எனக்கு வந்துச்சு. பாத்தேன், நாந்தான் கெடுத்துகீறேன், அவ செஞ்சதுதான் சரின்னு எழுதினேன். அதான் கடைசில கீது. தப்புக்கு நம்பரும்மா. ஒத்துக்கினவனுக்குத்தான் பேரு.”

முதலில் பக்கத்து வீட்டு லூர்து சிரித்தார். அப்புறம் எல்லோரும்.

மங்கம்மா மகனைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். குனிந்து கூடையை ஒரு பக்கமாக நகர்த்தினாள்.

“போ, போ. பஸ்ஸு போயிடப் போவுது. ஒன் மொதலாளி எதுனா பேசுனான்னா எம் புள்ள கையெழுத்துப் போட்டுகீறான்னு சொல்லு.”

அன்புக்கரசி பதினொன்றரைக்கு எர்ணாவூரில் இறங்கி, தாளைக் காட்டிவிட்டு, தன் திருத்தத்தை எடைமேடைக் கம்ப்யூட்டரில் போட்டாள். அன்று மாலை வரை நாற்பத்திரண்டு டிரெய்லர்கள் மேடை ஏறி இறங்கின, எடை ஒரு முறைகூட உறையவில்லை. முதலாளி அந்தத் தாளைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, திருத்தியது எங்க பொண்ணு என்று டிரைவர்களிடம் சொன்னாராம்.

ஆனால் தெரு கலைவதற்கு முன் வெற்றி ஒன்று கேட்டான்.

“ஒன்னாண்ட யாரும்மா சொன்னது, எம் பேரு கீதுன்னு?”

மங்கம்மா நிமிர்ந்து எதிர்ப்பக்கம், என் கடையைப் பார்த்தாள். தாளில் மேலே ‘கோளாறு’ என்றும் கீழே ‘வெற்றி’ என்றும் இருந்தது, நடுவில் இருந்ததைப் படிக்க மெஷின் எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

“பேரு வாணாம் அத்தே” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடந்தாள் அன்புக்கரசி.

அடுத்த வாரத்திலிருந்து பிரிண்ட் எடுக்க வந்தவர்கள் மெஷின் வாயிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வருவதும் நின்றது. ஆறு மாதத்தில் நான் கடையை அத்திப்பட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

அன்புக்கரசி பெங்களூரில் பெரிய வேலைக்குப் போனாள், வெற்றிக்கும் அங்கேயே மாற்றல் என்பது வரை கேள்விப்பட்டேன். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. மங்கம்மாவிடம் மூன்று முறை போன் போட்டுக் கேட்டுவிட்டேன். இன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை என்று மட்டும் சொல்கிறாள்.