ரேடியோ ரிப்பேருக்கு மட்டும்

“ஏலமலைப் பள்ளிக்கூடத்து ரேடியோ மறுபடியும் ரிப்பேராம்மா” என்று சுருளிவேல் வந்து நின்றதும் சரஸ்வதியம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“போன வாரந்தானுங்க போய்ட்டு வந்தீங்க?”

“ஆமாம்மா. மலைக் குளிரு. செட்டு தாங்க மாட்டேங்குது.”

சரஸ்வதியம்மாள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்; கோபத்திலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். ஜில்லாக் கல்வி அதிகாரியாக மாற்றலாகி இடுக்கிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆபீசின் டெக்னிக்கல் பிரிவு என்றால் மொத்தமே இரண்டு பேர். பள்ளிக்கூட ரேடியோக்களைச் சரிபார்க்கும் சுருளிவேல், அவரை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் நல்லமுத்து.

பழைய அதிகாரி காலத்தில் அந்த ஜீப்பில் ஊர்ச்சனமெல்லாம் சவாரி போனதாகக் கேள்விப்பட்டு, வந்த முதல் வாரமே உத்தரவு போட்டிருந்தார். ஜீப் ரேடியோ ரிப்பேருக்கு மட்டும்.

அன்றிலிருந்துதான் ஏலமலை ரேடியோ அடிக்கடி படுத்துக்கொண்டது.

“இன்னிக்கு நானும் வர்றேனுங்க” என்றார். சுருளிவேலின் முகம் தொங்கிப்போனது.

ஜீப்பின் பின்னால் ஒரு மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

“ரேடியோவுக்கு எதுக்குங்க மெத்தை?”

“குலுங்காம இருக்கும்மா” என்றார் நல்லமுத்து.

குலுங்காமல் இருக்க வேண்டியது ரேடியோவா, இவர்கள் முதுகா? மலைமேல் போய் மெத்தை விரித்துத் தூங்கிவிட்டு, இறங்கி வந்து பேட்டாவும் வாங்குகிறார்கள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார் சரஸ்வதியம்மாள்.

சாந்தன்பாறை தாண்டி ஏலக்காட்டுக்குள் ஏறியபின் பாதை என்று சொல்ல எதுவுமில்லை. பள்ளிக்கூட வாசலில் காத்திருந்த சாந்தம்மாள் டீச்சர் ஜீப்பைக் கண்டதும் ஓடிவந்தாள். முன் சீட்டில் அதிகாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே சுருளிவேல் ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினார். எட்டிப் பார்த்த சரஸ்வதியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேட்டரி ஒயரை யாரோ பிளேடால் அறுத்திருந்தார்கள்.

“இது குளிருக்கு அறுந்ததுங்களா?”

சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

“கவர்மெண்ட் சொத்துங்க இது. யார் அறுத்தது?”

“நான்தாம்மா” என்றாள் சாந்தம்மாள்.

சரஸ்வதியம்மாளால் நம்பவே முடியவில்லை. பிள்ளைகள் பாடம் கேட்கிற ரேடியோவை ஒரு டீச்சரே அறுப்பாளா?

“எந்த ஒயரை அறுக்கணும்னு காட்டிக் குடுத்தது நாந்தாம்மா” என்றார் சுருளிவேல், குனிந்த தலை நிமிராமல்.

“ஓகோ, எல்லாரும் கூட்டுங்களா? உங்களையெல்லாம் இன்னிக்கே சஸ்பெண்டு பண்றனா இல்லையான்னு பாருங்க.”

“பண்ணுங்கம்மா. வண்டிய மட்டும் மொதல்ல விட்டுருங்க” என்றாள் சாந்தம்மாள்.

வெளியே ஜீப் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. சரஸ்வதியம்மாள் பதறிப்போய் வாசலுக்கு ஓடினார்.

ஜீப்பின் பின்னால் மெத்தை விரித்திருந்தது. நிறைமாதக்காரி ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் தலையை மடியில் வைத்திருந்தாள் அவளுடைய அம்மா.

“நேத்திலருந்து வலிம்மா” என்றாள் பின்னாலேயே வந்த சாந்தம்மாள். “புள்ள குறுக்க கெடக்குன்னு மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. ஆசுபத்திரிக்கு வண்டி வேணும்னு எஸ்டேட் ஆபீஸ்லருந்து போன் பண்ணுனா, உத்தரவு இல்லைங்கிறாக. ரேடியோ ரிப்பேருன்னாத்தான் வண்டி மேல வருது. போன வாரம் பாம்பு கடிச்ச ஆளு ஒருத்தரு. பொழச்சுக்கிட்டாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொன்னோமேம்மா. நீங்க வந்த புதுசுல, எங்க எஸ்டேட் லயத்து வீட்டுச் சுருளியம்மாளுக்கு இதே நெலமை. அவ புருசன் பெரியமுத்து உங்க ஆபீஸுக்கே வந்து நின்னாரு. ‘ரேடியோ ரிப்பேருக்கு மட்டும்’னு நீங்கதாம்மா சொல்லி அனுப்புனீக. கம்பளியில தொட்டில் கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். பாதி வழியிலயே தாயும் புள்ளையும் போயிருச்சுக.”

ஆபீசில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகம் சரஸ்வதியம்மாளுக்கு ஞாபகம் வந்தது. ஓசிச் சவாரி கேட்க வந்த ஆள் என்று நினைத்து, முழுசாகக் கேட்காமலே அனுப்பிவிட்டார். கேட்டிருந்தால் இரண்டு உயிர் இருந்திருக்கும்.

மருத்துவச்சி செபமாலையம்மாள் ஜீப்பில் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டிருந்தாள். முன் சீட்டில் அதிகாரியின் கைப்பை இருந்தது. அதை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

சரஸ்வதியம்மாளே போய்ப் பையை எடுத்துக்கொண்டார்.

“ஏறிக்குங்க. நல்லமுத்து, பாத்து மெதுவாப் போங்க.”

“நீங்கம்மா? இனி நாளைக்குத்தான் திரும்பி வர முடியும்.”

“நான் இங்கயே டீச்சரோட இருந்துக்கறேனுங்க. போங்க.”

ஜீப் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, சுருளிவேல் கையில் குறடோடு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஒயரை ஒட்டிரவாம்மா?”

“வேண்டாமுங்க. ஒட்டீட்டா, நான் போட்ட உத்தரவுக்கு, என்னைக் கூட்டிட்டுப் போகக்கூட வண்டி இந்த மலை ஏறாதுங்க.”