பேகத்துக்குப் பயம்

"ஒயரு கண்ணுலயே படக்கூடாது எலியாஸ். அவ்ளோதான்."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார் ஷபீ அஹமது. ஆம்பூரில் தோல் ஃபேக்டரி வைத்திருப்பவர். பங்களாவுக்குப் பின்னால் நீச்சல்குளம் கட்டிக்கொண்டிருக்கிறார். பாலாற்றில் தண்ணீர் என்ன, மணலே மிச்சமில்லாத காலத்தில் ஐயாவுக்கு நீச்சல்குளம்! கட்டுகிற காண்ட்ராக்டர்தான் எலியாஸ், குடியாத்தத்துக்காரர்.

குளத்தைச் சுத்தம் பண்ண துபாயிலிருந்து மருமகன் ஒரு மெஷின் அனுப்பியிருந்தார். ஆமை மாதிரி இருக்கும். தண்ணீருக்குள் விட்டால் தரையெல்லாம் தானே ஊர்ந்துபோய் அழுக்கை இழுத்துக்கொள்ளும். கரையிலிருக்கும் பிளக்கிலிருந்து அதற்கு நீளமாக ஒரு நீல ஒயர். அந்த ஒயர்தான் இப்போது வில்லங்கம்.

எலியாஸ் சொல்லிப் பார்த்தார். "பாய், காலைல மெஷினை ஓட்டிட்டு, பிளக்கைப் புடுங்கி, ஒயரைச் சுருட்டி வெச்சுட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான தண்ணில இறங்கப் போறீங்க?"

"சுருட்டி வெச்சாலும் கண்ணுல படும். எல்லாம் கல்லுக்கு அடியில போவட்டும்."

"சுத்திலும் கடப்பா கல்லு ஒட்டி முடிச்சாச்சே பாய்!"

"பேத்துடு."

பெயர்த்தார்கள். மேஸ்திரி வேலுவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னா சார் இது பேஜாரு? விருந்தாளிங்க வந்தா, 'பாருங்க, எங்க வூட்டு மெஷினு கரண்டே இல்லாம ஓடுது'ன்னு பீத்திக்கறதுக்கா?"

"பணம் ஜாஸ்தியானா இப்படித்தான்யா. நீ கல்லைப் பாத்து எடு. உடைஞ்சா அதுக்கும் நம்மளத்தான் திட்டுவாரு."

மோட்டார் ரூமிலிருந்து குளத்தங்கரை வரைக்கும் கல்லுக்கு அடியில் குழாய் போட்டு, அதற்குள் ஒயரை விட்டார்கள். கரையோரத்தில் மூடி போட்ட ஒரு சின்னக் குழி. மூடியைத் திறந்து ஒயரை இழுத்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடலாம். எலியாஸுக்கே தன் வேலையைப் பார்த்து ஒரு திருப்தி.

ஷபீ பார்த்தார். "மூடி தெரியுதே?"

எலியாஸுக்குப் பொறுமை போய்விட்டது. "பாய், மூடி தெரிஞ்சா இன்னா? யாருக்குக் காட்டிக்கறதுக்கு இவ்ளோ ஜோடனை?"

கேட்ட பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பயமாக இருந்தது. ஆனால் ஷபீ கோபப்படவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைக் கம்மி பண்ணினார்.

"காட்டிக்கறதுக்கு இல்லப்பா. எல்லாம் என் பேகத்துக்காக."

"அம்மாவுக்கா?"

"அவளுக்கு முட்டி தேஞ்சு போச்சு. தெனமும் தண்ணிக்குள்ள நடந்தா சரியாவும், இல்லன்னா ஆபரேஷன்தான்னு வேலூர் டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குத்தான் இந்தக் குளமே. ஆனா பாரு, ஒரு தடவை கெணத்து மோட்டார் ஷாக் அடிச்சுத் தூக்கிப் போட்டுச்சு. அன்னியிலருந்து தண்ணிகிட்ட ஒயரைப் பாத்தாலே நடுக்கம். கரண்டு இல்லன்னு தெரியும், ஆனாலும் நடுங்கும். ஒயரு கண்ணுல பட்டுச்சுன்னா தண்ணில காலே வெக்க மாட்டா."

கொஞ்சம் நிறுத்தி, "வெளிய சொல்லிடாத எலியாஸ். பாவம், வெக்கப்படுவா" என்றார்.

எலியாஸுக்கு என்னவோ போலாகிவிட்டது. சீ, பெண்டாட்டி முட்டிக்காக இவ்வளவு மெனக்கெடுகிற மனுஷனையா பவுசு காட்டுகிறார் என்று பேசினோம்! அன்றைக்கே அந்த மூடி மேலும் கடப்பா கல்லை அளவாக வெட்டி ஒட்டினார். எது மூடி, எது தரை என்று அவரே தேட வேண்டியிருந்தது.

"இன்னா சார், நீங்களும் அவர்கூட சேந்துட்டீங்க?" என்றான் வேலு.

"வாய மூடிட்டு வேலையப் பாருய்யா."

குளம் நிறைந்தது. முதல் நாள் முனவ்வர் பேகம் சல்வாரும் துப்பட்டாவுமாக வந்து படியோரம் நின்றார். ஷபீ கொஞ்சம் தள்ளி, வழக்கம்போல நாற்காலியில்.

அம்மா இறங்கத் தயங்குவதாக நினைத்து எலியாஸ் கிட்டே போனார். "பயப்படாம இறங்குங்கம்மா. ஒயரெல்லாம் கல்லுக்கு அடியில. பிளக்கும் புடுங்கியாச்சு."

பேகம் புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எனக்கு இன்னா தம்பி பயம்? இந்த வீட்ல ஃப்யூஸ் போனா கட்டறதே நான்தான்."

"அப்போ... முட்டி வலி?"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க! முட்டி வலி அவருக்கு. ஷாக் அடிச்சதும் அவருக்குத்தான். வெளிய தெரிஞ்சா ஃபேக்டரியில மரியாதை போயிடுமாம்." பேகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீடு, ஃபேக்டரி எல்லாம் அவர் பேர்ல இருக்கு. முட்டி வலியும் பயமும் மட்டும் என் பேர்ல."

எலியாஸ் வாயைத் திறப்பதற்குள் பேகம் குரலை உயர்த்தினார்.

"ஏங்க! எனக்கு பயமா இருக்குங்க! நீங்க வந்து கையப் புடிச்சுக்கிட்டாதான் இறங்குவேன்!"

"நான் இருக்கறப்போ உனக்கு இன்னா பயம்?"

ஷபீ எழுந்து வந்து பேகத்தின் கையைப் பிடித்தார். ஒவ்வொரு படியாக இரண்டு பேரும் இறங்கினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது மனுஷனுக்குக் கை, தோள், தாடி எல்லாம் வெடவெடவென்று ஆடியது. ஆனாலும் நின்றுவிட்டார். ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டார்.

பெருமை தாங்கவில்லை அவருக்கு. "பாத்தியா எலியாஸ், எப்படி நடுங்குறா பாரு இவ!"

"ஆமாங்க, ரொம்ப பயமா இருக்கு" என்றார் பேகம், அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "விட்டுடாதீங்க."