முகம் மறைக்கும் கேமரா

“டமார்!”

கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. கதவு இருப்பதே தெரியாமல் நேராக வந்து மோதிய இளைஞன், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

“ரண்டி சார், ரண்டி!” என்று தெலுங்கில் வரவேற்ற மணிவேல், அவன் வாயிலிருந்து “அய்யய்யோ” வந்ததும் தமிழுக்குத் தாவினான். “பாத்து வரக்கூடாதாப்பா? இப்பத்தான் கதவைத் தொடச்சி வெச்சேன்.”

“பரவால்லண்ணா. எனக்கு ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வேணும். மூஞ்சி மறையற மாதிரி பெருசா இருக்கணும்.”

திருப்பதிக்கு வந்த நாளாய்க் கேமரா விற்கிறவன் மணிவேல். மெகாபிக்சல் கேட்டவர்கள் உண்டு, வாரண்டி கேட்டவர்கள் உண்டு. முகம் மறையுமா என்று கேட்ட முதல் ஆள் இவன்தான்.

“எந்த ஊருப்பா?”

“நகரி. பேரு தரணி. தறி ஓட்டறோம்.”

“இதுக்கு முன்ன கேமரா புடிச்சிருக்கியா?”

“செல்போன்தாண்ணா. அதுலயும் பாதி போட்டோல என் வெரல்தான் இருக்கும்.”

“அப்ப உனக்கு இதான் சரி.” மணிவேல் சின்னதாக ஒரு மிரர்லெஸ் கேமராவை எடுத்து வைத்தான். “இப்பல்லாம் அல்லாரும் இதத்தான் வாங்கிக்கினு போறாங்க. கைக்கு அடக்கம்.”

தரணி அதைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தான்.

“மீசை தெரியுதேண்ணா.”

பெருமூச்சு விட்ட மணிவேல், அதை உள்ளே வைத்துவிட்டுப் பருமனான டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை எடுத்தான். தரணியின் மூக்கும் மீசையும் அதற்குள் அடங்கின.

“இது தேவல. ஆனா வாசப்படியில நின்னுக்கினு எடுத்தா, மணையில உக்காந்திருக்கறவங்க மூஞ்சி பளிச்சுனு வரணும்.”

“கல்யாணமா?”

“ஆமாண்ணா. நாளான்னிக்கு. திருமலையில ஒரு மடத்துல.”

“நாளான்னிக்கா! பட்டன் எங்க இருக்குதுன்னே தெரியல. உன்ன நம்பி யாருப்பா போட்டோ எடுக்கக் கூப்புட்டது?”

“யாரும் கூப்புடல.” தரணியின் குரல் இறங்கியது. “எனக்கே சொல்லலண்ணா. மொட்ட போட மலைக்குப் போறதா என்னாண்ட பொய் சொல்லிட்டாங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க சொல்லித்தான் தெரிஞ்சிது.”

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த மணிவேலின் கை நின்றது.

மாமன் மகள் ஸ்வர்ணலதாவை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை சூப்பர்வைசர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்த அன்று, புத்தூர் மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நின்று அழுதவன் அவன். அதே கண்ணீரோடு பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கியவன். வலி தெரிந்தவன்.

“போவாதப்பா. போனா மனசு கஷ்டப்படும்.”

“எனக்கு என்னண்ணா கஷ்டம்? என்னப் பாத்துட்டா அவங்களுக்குத்தான் கஷ்டம். வெக்கத்துல மணையிலருந்து எழுந்து ஓடிடுவாங்க. கல்யாணமே நின்னுடும். அதுக்குத்தான் மூஞ்சி மறையணும்னு சொல்றேன். கழுத்துல கேமரா மாட்டினவன எந்த மண்டபத்துலயும் நீ யாருன்னு கேக்க மாட்டாங்க இல்ல?”

“அப்டி ஒளிஞ்சிக்கினாவது போவணுமா?”

“வெளிய தெரிஞ்சிடும்னு பயந்து போட்டோக்காரனக்கூட வெக்கலையாம். நாளைக்கு எடுத்துப் பாக்க ஒரு படம்கூட இல்லாம அது என்னண்ணா கல்யாணம்? அவங்க சிரிச்சி நான் பாத்து ரொம்ப நாளாச்சி. அந்தச் சிரிப்பு ஒண்ணு படத்துல உழுந்தா போதும்.”

எவ்வளவு பெரிய மனசு! தான் பாயசத்தோடு நின்றுவிட்டோமே என்று மணிவேலுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

“என்ன பண்றது? வயசு அப்டிப்பா. ஆசைய அடக்க முடியுமா?”

“அதத்தாண்ணா நானும் சொல்றேன். அந்த வயசுல ஆசப்பட்டா தப்பா?”

அதற்கு மேல் மணிவேல் தடுக்கவில்லை. கேமராவில் சக்கரத்தைத் திருகி ‘ஆட்டோ’வில் வைத்தான். “இனிமே இதத் தொடாத. பட்டனப் பாதி அமுக்கு. பீப்னு சத்தம் வந்ததும் முழுசா அமுக்கு.”

தரணி ஒரே அமுக்காக அமுக்கினான். கடகடவென்று ஷட்டர் வரிசையாகச் சுட்டது. கேமராவைக் கீழே போடாத குறையாகத் துள்ளினான்.

“இன்னாண்ணா, எங்க தறி மாதிரி ஓடுது! மாட்டிக்குவேனே!”

“கெட்டிமேளம் கொட்டச்சொல்ல அமுக்கு. பீரங்கி வெடிச்சாலும் அப்ப யாருக்கும் கேக்காது.”

பிறகு மணிவேல் தன் சொந்தப் பையைத் திறந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸை எடுத்து, அந்தக் கேமராவில் பொருத்தினான். “இது கடைச் சரக்கு இல்ல, என்னுது. காசெல்லாம் வேணாம். கல்யாணம் முடிஞ்சதும் கொண்டாந்து குடு.”

தரணி தூக்கிப் பிடித்தான். இப்போது முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. லென்ஸுக்கு மேலே தலைமுடி மட்டும் தெரிந்தது.

“நீங்க நல்லா இருக்கணும்ணா!” என்றது லென்ஸ்.

மணிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் தோளில் கை வைத்தான். “மனசுல வெச்சிக்காம சொல்லுப்பா. மாமா பொண்ணா, அத்த பொண்ணா? அந்தப் பொண்ணு உனக்கு என்ன முறை ஆவணும்?”

தரணி கேமராவை இறக்கினான்.

“இப்போதைக்கு ஒண்ணும் இல்லண்ணா. எங்க நைனா தாலி கட்டிட்டா, சித்தி!”