சுவிட்சைக் கேட்காத வரி

புரோகிராமில் அந்த நீண்ட இஃப் வரியைப் பிரித்து எழுதி முடித்ததும் பர்வீன் அப்படியே எழுந்து நின்றுவிட்டாள்.

ராஜபாளையத்தில் விவசாய மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் செய்கிற சின்னப் பட்டறை. பெட்டிக்குள் ஓடும் சி புரோகிராம் முழுக்க அவள் எழுதியது. ஒரே வரியில் இப்படித் திணித்து வைத்தால் யார் படிப்பது, பேர் வைத்துப் பிரித்துப் போடும்மா என்று முதலாளி கௌதம்ராஜ் காலையில்தான் சடைத்துக்கொண்டார்.

பிரித்ததை வாய்விட்டுப் படித்தாள். சுவிட்ச் போட்டிருந்து, போன கரண்ட் திரும்பி வந்தால் மோட்டார் ஓடு. அல்லது, வைத்த நேரம் வந்துவிட்டால் ஓடு.

போச்சு! நேரம் வந்துவிட்டால் அது சுவிட்சைக் கேட்கவே கேட்காது. சுவிட்சை அணைத்துவிட்டு ஆள் கிணற்றுக்குள் இறங்கியிருந்தாலும் மோட்டார் அதுபாட்டுக்கு ஓடும். அந்த நேரம் அதில் கை வைத்திருப்பவன் கதை முடிந்தது. ஒரு ஜோடி அடைப்புக்குறி போடாமல் விட்ட வினை.

சோதனைக்கென்று இந்தப் பெட்டியை வாங்கி மாட்டியிருப்பவர், அவள் வீட்டுக்காரர் தேங்காய் வாங்கும் தோப்புக்காரர் வன்னியம்பட்டி வேல்பாண்டி. மோட்டாரில் கொடி சுற்றிக்கிடக்கிறது, நாளைக் காலையில் இறங்கி எடுக்கணும் என்று நேற்றுத்தான் போனில் சொன்னார். அவர் பெட்டியில் வைத்திருக்கும் நேரம் பத்து மணி.

கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தாகப் போகிறது.

வேல்பாண்டிக்குப் போன் போட்டாள்; அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கிற வழியைக் காணோம். யா அல்லா, பிள்ளைகுட்டிக்காரர், அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. மறுபடியும் அழுத்தினாள்.

எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, கெணத்துல எறங்கிட்டீங்களா?"

"எனக்கு இடுப்பு புடிச்சுக்கிருச்சு தங்கச்சி, நான் எங்க எறங்க? மேலதான் நிக்கேன்."

அப்பாடா! பர்வீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"தேங்கா எடுக்க வந்த ஒங்க வீட்டுக்காரருதான் எறங்கியிருக்காரு. வேண்டாம் மாப்ளன்னா கேட்டாத்தானே! பர்வீன் எழுதுன பெட்டி, சுவிட்ச அமத்திட்டா ஓடவே ஓடாதுன்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு."

"அண்ணாச்சி! பீஸப் புடுங்குங்க, பீஸப் புடுங்குங்க!"

வேல்பாண்டிக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது அவளுக்குக் கேட்டது.